படகுக்கு முன்னே மதகு

சென்னைத் தமிழில் ஒருவரை ‘எம்டன்’ என்றால், லேசுப்பட்ட ஆள் இல்லை, எப்போது என்ன செய்வார் என்று சொல்ல முடியாது என்று பொருள். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருட்டில் மறைந்த ஜெர்மன் போர்க்கப்பல் விட்டுச்சென்ற சொல் அது. கப்பலுக்கு அந்தப் பெயர் ஓர் ஊரிலிருந்து வந்தது. வடமேற்கு ஜெர்மனியில் எம்ஸ் ஆறு கடலைச் சேரும் இடத்தில் இருக்கும் துறைமுக நகரம் எம்டன். பெயருக்கு நாம் ஏற்றிவைத்த பொருளுக்கு மாறாக ஊர் பரம சாது. அங்கே ஒரு நாள் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் தண்ணீரில்தான் அமையும். ராட்ஸ்டெல்ஃப்ட் என்ற பழைய படகுத்துறையிலிருந்து துறைமுகத்தைச் சுற்றி வரலாம், ஊருக்குள் ஓடும் வாய்க்கால்களில் சிறு படகிலோ துடுப்புப் படகிலோ போகலாம். 1887இல் கட்டி முடிக்கப்பட்ட, நான்கு நீர்வழிகளுக்குத் தனித்தனியே கதவு திறக்கும் வட்டமான லாக் ஒன்றுக்குள் நுழைந்து, ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏறி இறங்கலாம். சென்னைப் புறநகரான தாம்பரத்தைச் சுற்றி நிறைய நீர்நிலைகள் இருந்தும் இங்கே ஏன் அப்படி ஒரு நாளைத் திட்டமிட முடியவில்லை? சுற்றுலாத் துறைக்கு அக்கறை போதாது என்பதே வழக்கமான பதில். அந்தப் பதில் தவறு என்பது என் கருத்து.

எம்டன் கடல்மட்டத்தை ஒட்டிய சதுப்பு நிலம். உள்நாட்டு நீரை அளவோடு வெளியேற்றி, ஓதத்தில் ஏறும் கடல்நீரைத் தடுத்து நிறுத்தாவிட்டால் அங்கே வயலும் இல்லை, வீடும் இல்லை. 1880இல் தொடங்கி 1888இல் முடிந்த, சுமார் 72 கிலோமீட்டர் நீளமுள்ள எம்ஸ்–யாடெ கால்வாயும் சரக்குப் படகுக்காக மட்டும் வெட்டப்பட்டதல்ல, வடிகாலும்தான். சரக்கு பிறகு ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட்டது. வடிகால் வேலை போகவில்லை. அதனால் கதவுகளைத் திறந்து மூடும் ஆட்களுக்கும் இன்றுவரை வேலை இருக்கிறது. யாரோ ஒருவர் நாள்தோறும் நீர்மட்டத்தைக் காத்துவருவதால் ஒரு வசதி மிஞ்சுகிறது. உல்லாசப் படகு அந்த மிச்சத்தில்தான் மிதக்கிறது. சுற்றுலாவுக்காகத் தண்ணீர் காக்கப்படவில்லை, காக்கப்பட்ட தண்ணீரில் சுற்றுலா பிறகு வந்து ஏறிக்கொண்டது.

இதே ஒழுங்கு நம் பக்கத்தில் அதைவிடப் பழையது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றன் கலங்கல் வழிந்து அடுத்ததை நிரப்பி, கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேரும். சதுப்பு தேக்கி வடித்த நீர் ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயைத் தொட்டு, தெற்கே முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் கடலைப் பார்க்கும். மேற்கே பீர்க்கன்காரணை, இரும்புலியூர், முடிச்சூர்ப் பக்கத்து நீர் அடையாற்றுக்குப் போகும். இந்தச் சங்கிலியில் எந்த மதகை எப்போது திறப்பது என்பது ஊர்ச்சண்டைக்கு உரிய விஷயம், அதனால்தான் அதற்கென்று ஆள் இருந்தார். செங்கல்பட்டுப் பகுதியில் அவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். 1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்ட் நடத்திய அளவைக் கணக்குகளில், விளைச்சலில் ஒரு பங்கு ஏரிப் பராமரிப்புக்கென்று எடுத்துவைக்கப்பட்டது பதிவாகியிருக்கிறது. இன்னும் பின்னே போனால் உத்திரமேரூரில் ஏரி வாரியம் என்றே தனிக் குழு இருந்தது. ஏரியில் தூரை அள்ளிக் கரைசேர்க்க ஓடம் ஓட்டியதற்குச் சோழர் காலக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. ஏரியில் நம்மவர்கள் விட்ட படகு காற்று வாங்குவதற்கானது அல்ல, சேறு சுமந்த படகு. வேடிக்கை பார்க்கக் கரை இருந்தது. தெப்பத் திருவிழாவில்கூடத் தெய்வம்தான் தண்ணீரில் போகும், சனம் படிக்கட்டில் நிற்கும். கலங்கல் வழிந்தால் ஊரே கரைக்கு வரும்.

மனிதர்கள் தாங்களே படகேறி ஊர் பார்க்கப் போன வழக்கம் தென்சென்னையில் கால்வாயோடு வந்தது. 1806இல் பாசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய கால்வாய், பிறகு அரசின் கைக்கு வந்து வடக்கே ஆந்திரக் கரை வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே விட்டுப்போயிருந்த சுமார் 8 கிலோமீட்டர் இடைவெளி 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது, அப்போதைய கவர்னர் பக்கிங்காமின் பெயர் மொத்தக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. உப்பு, விறகு, நெல், சிப்பி, சுண்ணாம்பு என்று சென்னையின் அடுப்பும் சுவரும் இதை நம்பியிருந்தன. காற்றிருந்தால் பாய், இல்லையென்றால் கரையில் நடந்து கயிற்றால் இழுக்க ஆட்கள். மாமல்லபுரம் பார்க்க விரும்பியவர்களும் இதே வழியில் போனார்கள். மாலையில் அடையாற்றுப் பக்கம் படகேறினால் இரவு முழுக்கத் தூங்கிக்கொண்டே போய் விடியற்காலை அங்கே இறங்கலாம். சமையல் பாத்திரம், படுக்கை எல்லாம் உடன் போகும். வெயிலைத் தவிர்த்து, தூக்கத்தையும் பயணத்தையும் ஒன்றாக்கிய இந்தத் திட்டத்தைவிட நல்ல திட்டத்தை இன்றைய சுற்றுலா நிறுவனங்கள் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை. இந்த இரவுப் பயணத்தை நடத்தியது ரசனை மட்டுமல்ல. உப்புப் படகு தரைதட்டாமல் போக லாக் கதவுகளை இயக்கி, ஆழம் காத்து, கரையைச் செப்பனிட்ட ஒரு நிர்வாகம் அதன் அடியில் இருந்தது. பயணிகள் உப்பின் தயவில் போனவர்கள்.

உப்பும் விறகும் தரைவழிக்கு மாறியதும் அந்தத் தயவு போயிற்று. 1931 மே மாதத்தில் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியதோடு புறநகர் தண்டவாளத்தை ஒட்டி வளரத் தொடங்கியது. 1937இல் கிறித்துவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது, மனைகள் வந்தன. வயல் போனதும் ஆயக்கட்டு போயிற்று, ஆயக்கட்டு போனதும் நீர்க்கட்டிக்குச் சொல்ல வேலை இல்லை. ஏரி இருந்தது, ஏரிக்கு உடையவர் இல்லை. கால்வாய்க்கும் இதே கதி. 1960களின் புயல்கள் உடைத்ததைச் சரிசெய்ய வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்கவில்லை. பிறகு நகரின் நடுப்பகுதியில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. சேப்பாக்கத்துப் பக்கம் லாக் நகர் என்ற பெயர் மட்டும் நிற்கிறது. 2015 டிசம்பர் முதல் தேதியிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தெருவில் படகு வந்தது. இந்தத் தலைமுறையில் பலர் சொந்த ஊரில் ஏறிய ஒரே படகு அந்த மீட்புப் படகுதான்.

இந்த நிலையில்தான் முட்டுக்காட்டைப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1984இல் அங்கே படகுக் குழாம் தொடங்கியது. ஜெர்மனியின் இன்னொரு துறைமுக நகரமான ஹாம்பர்க்கில், 1859 முதல் ஆல்ஸ்டர் ஏரியில் ஓடிய பயணிகள் படகு சேவை, ஊர்ப் போக்குவரத்து என்ற தகுதியை இழந்து சுற்றுலாப் படகாக மட்டும் மிஞ்சியதும் அதே 1984இல்தான். அங்கே வேலை செய்த படகு ஓய்வுக்குப் போயிற்று, இங்கே ஓய்வுக்கென்றே படகு பிறந்தது. அந்த ஆல்ஸ்டர் ‘ஏரி’யும் இயற்கையானதல்ல, இடைக்காலத்தில் மாவு ஆலைக்காக ஆற்றுக்குக் குறுக்கே கரை போட்டதில் தேங்கிய நீர், செங்கல்பட்டு விவசாயி பார்த்தால் சட்டென்று அடையாளம் கண்டுகொள்வார். முட்டுக்காட்டுப் படகு ஒரு வட்டம் அடித்துவிட்டு ஏறிய துறைக்கே திரும்பும். எங்கும் போகாது, போகவும் வழியில்லை. தாம்பரத்துக் குடும்பம் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் வண்டியோட்டி அங்கே வந்து சேர்கிறது. சேலையூரில் அவர்கள் மொட்டை மாடியில் பெய்த மழையும் நாராயணபுரம், பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு என்று தன் வழியில் வந்து, வழியெல்லாம் சாக்கடை கலந்து, அதே முட்டுக்காட்டில்தான் சேர்கிறது. இந்த இரண்டு பயணங்களுக்கும் ஒரு காலத்தில் ஒரே கணக்கு இருந்தது.

என் கருத்துக்கு மறுப்புகள் உண்டு. ஜெர்மனியில் ஆண்டு முழுக்கத் தூறும், நமக்கு வடகிழக்குப் பருவம் மூன்று மாதம்தான், ஒப்பிடலாமா என்பார்கள். ஏரி என்ற கட்டுமானமே அந்த மூன்று மாதத்தை ஆண்டுக்கு நீட்டிக்க எழுந்ததுதானே. கால்வாயோ கழிமுகங்கள் வழியே கடலோடு தொடர்புள்ளது, அது வறட்சியால் சாகவில்லை, தூராலும் கழிவாலும் செத்தது. காலனிய அரசு பஞ்சத்தில் அடிபட்டவர்களை வைத்து வெட்டிய கால்வாயைப் போற்றுவதா என்ற கேள்வி இன்னும் கனமானது. கூலிக்காக வந்து நின்ற அந்த வயிறுகளை மறந்துவிட்டு இரவுப் படகை மட்டும் சிலாகிப்பது அழகல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் வெட்டியதைச் சாக்கடையாக விட்டது காலனிய அரசு அல்ல. 2008இல் இந்தக் கால்வாயை உள்ளடக்கி நான்காம் தேசிய நீர்வழி அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு நீர்மட்டத்தை உயர்த்தாது என்பதற்கு அதன்பின் கடந்துபோன ஆண்டுகளே சாட்சி.

மூன்றாவது மறுப்பு பறவைகளின் சார்பில் வருவது. பள்ளிக்கரணை 2022 முதல் சர்வதேச முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சார் பட்டியலில் இருக்கிறது, சுமார் 1,248 ஹெக்டேர். அங்கே மோட்டார் படகு விட்டால் பூநாரை எங்கே போகும்? இதில் எனக்கு எதிர்வாதம் இல்லை. எல்லா நீரிலும் படகு விட வேண்டும் என்பது என் வழக்கே அல்ல. படகு நமக்கு ஓர் அளவுகோல், படகு போகிற ஆழமும் தெளிவும் இருக்கும் இடத்தில் யாரோ மதகைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே. சதுப்பைக் கரையில் நின்று பார்ப்பதே முறை, தெப்பக்குளப் படிக்கட்டில் பழகிய நமக்கு அது புதிதும் அல்ல. செம்பாக்கம் ஏரியில் தூர் வாரி நீரைச் சுத்தப்படுத்தும் வேலை நடந்தது, சிட்லப்பாக்கத்தில் கரையைப் பலப்படுத்தி நடைபாதை போட்டார்கள். மாலையில் நடக்க வருகிறவர்கள் நின்று நீரைப் பார்க்கிறார்கள். செம்பாக்கம் நிரம்பினால் நன்மங்கலத்துக்கு எவ்வளவு விடுவது, எப்போது விடுவது என்று தீர்மானிக்க அங்கே மறுபடி ஒரு நீர்க்கட்டி வேண்டும். 2021இல் மாநகராட்சியான தாம்பரம் அந்தப் பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும் சரிதான்.