பட்டிக்கு முன்னால ஈயம்

டிங்கரிங் கடையில் "பட்டி பார்க்கிறது"ன்னா நமக்குத் தெரியும். துரு தின்ற தகட்டு மேல பாலியெஸ்டர் பட்டியைத் தடவி, காய்ந்ததும் தேய்த்து, பெயிண்ட் அடிப்பாங்க. இது 1950-களில்தான் அமெரிக்காவில் பரவ ஆரம்பித்தது. அதுக்கு முன்னால அந்த வேலையைச் செய்தது ஈயம்.

70 பங்கு ஈயம், 30 பங்கு வெள்ளீயம். 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பிக்கும். 250-ஐத் தாண்டினாதான் முழுசா தண்ணியாகும். நடுவில் வெண்ணெய் மாதிரி குழைவா நிற்கும். சூட்சுமமே அதுதான். தகட்டைப் பளபளன்னு சுரண்டி, மெல்லிசா வெள்ளீயம் பூசி, கொழுப்பு தடவிய மரக்கட்டையால ஈயத்தை இழுத்துவிடுவாங்க. சூடு கொஞ்சம் கூடினா மொத்தமும் தரையில்! 1949 மெர்க்குரி காரின் கூரையை அறுத்துத் தாழ்த்தினவங்க ஏத்தின ஈயத்தால, அந்த வண்டிகளுக்கு "லெட் ஸ்லெட்", அதாவது ஈயச் சறுக்குவண்டின்னே பேர் வந்தது.

கெட்டது வேலைக்காரங்க உடம்பு. ஈயத்தூள் மூச்சில் போய் ரத்தத்தில் சேர்ந்தா நரம்பைக் கெடுக்கும். அதனாலதான் அரத்தால ராவணும், மெஷின் வைக்கக் கூடாதுங்கிற விதி.

பட்டி அந்த ஆபத்தை நீக்கியது. கூடவே ஏமாற்றுறதைச் சுலபமாக்கிடுச்சு. துரு மேல ஈயம் ஒட்டவே ஒட்டாது, அறுத்துப் புதுத்தகடு வெல்டிங் வச்சே ஆகணும். பட்டியோ துரு மேலயும் உட்கார்ந்துக்கும். அதிலுள்ள டால்க் தூள் ஈரத்தை உறிஞ்ச, பின்பக்கம் துரு வளர்ந்துகிட்டே இருக்கும்.

பழைய கார் வாங்கறவங்க காந்தம் வச்சுப் பார்ப்பாங்க. ஒட்டலைன்னா உடனே பட்டின்னு முடிவு கட்டிடாதீங்க. ஈயத்திலும் காந்தம் ஒட்டாது. கிரைண்டரை எடுக்கிறதுக்கு முன்னால எதுன்னு பார்த்துக்கோங்க.