தொலைபேசிவழி இணைய இணைப்பு

தொலைபேசிவழி இணைய இணைப்பு அல்லது டயல்-அப் இணைப்பு என்பது, வழமையான தொலைபேசிக் கம்பியைப் பயன்படுத்தி, இணையச் சேவை வழங்குநரின் எண்ணுக்கு ஓர் அழைப்பை ஏற்படுத்தி, அவ்வழைப்பு நீடிக்கும் வரை கணினியை இணையத்துடன் இணைத்து வைக்கும் முறை ஆகும். இதற்கெனப் புதிய கம்பியோ கோபுரமோ தேவைப்படவில்லை. தொலைபேசி எட்டிய ஊர்களுக்கெல்லாம் இணையமும் எட்டியதற்கு இதுவே காரணம். தொலைபேசியின் குறைகள் அனைத்தும் இணையத்தின் குறைகளானதற்கும் இதுவே காரணம். இக்கட்டுரை இம்முறையின் செயற்பாட்டையும், கடலூர், சிதம்பரம் போன்ற ஊர்களில் ஒரு பழைய கணினியில் அது அமைக்கப்பட்ட விதத்தையும் விளக்குகிறது.

செயற்படும் முறை

கணினி தரும் எண்முறைத் தரவைத் தொலைபேசிக் கம்பி ஏற்கும் ஒலியாக மாற்றுவதும், மறுமுனையில் இருந்து வரும் ஒலியை மீண்டும் தரவாக மாற்றுவதும் மோடம் அல்லது இணக்கி எனப்படும் கருவியின் பணி. இணைப்பு ஏற்படும்போது கேட்கும் கீச்சொலியும் இரைச்சலும் வீண் ஒலிகள் அல்ல. இருமுனை மோடம்களும் கம்பியின் தரத்தை அளந்து, எவ்வேகத்தில் பேசுவது என்று உடன்படும் உரையாடல் அது.

தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காக ஏறத்தாழ 300 முதல் 3400 ஏர்ட்சு வரையிலான அதிர்வெண்களை மட்டுமே கடத்தும். இவ்வரம்புக்குள் நொடிக்கு 33.6 கிலோபிட் வேகத்தை எட்டியதே பெரிய சாதனை. 1998இல் வந்த வி.90 தரம், சேவை வழங்குநர் பக்கம் முழுதும் எண்முறையில் இருந்தால், பயனரை நோக்கி வரும் தரவை 56 கிலோபிட் வரை உயர்த்தியது. பயனரிடம் இருந்து செல்லும் வேகம் 33.6 ஆகவே இருந்தது. இடையில் பழைய ஒப்புமை இணைப்பகமோ, அலுவலகத்தின் உள் இணைப்புப் பெட்டியோ இருந்தால் 56 என்பது பெட்டியில் அச்சிட்ட எண் மட்டுமே. 33.6 கிலோபிட் வேகத்தில் ஒரு மெகாபைட் கோப்பு வந்துசேர நான்கு நிமிடங்களுக்கு மேல் ஆகும்.

இந்தியாவில்

இந்தியாவில் 1986இல் தொடங்கிய எர்நெட் வலையமைப்பு, சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட சில கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் உரியதாக இருந்தது. பொதுமக்களுக்கான இணையச் சேவையை விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகத்து 15 அன்று தொடங்கியது. தொடக்க நகரங்களுள் சென்னையும் ஒன்று. மாணவர்களுக்கு மலிவாகக் கிடைத்தது எழுத்து மட்டும் தெரியும் ஷெல் கணக்கு. லின்க்ஸ் உலாவியும் பைன் அஞ்சல் நிரலும் அதில் பழக்கமானவை. படங்களுடன் கூடிய டி.சி.பி/ஐ.பி கணக்கின் விலையோ நடுத்தரக் குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. 1998 நவம்பரில் தனியார் துறைக்கு அனுமதி கிடைத்ததும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் முதல் தனியார் வழங்குநராகச் சேவையைத் தொடங்கியது. 2000 அக்டோபரில் செயற்படத் தொடங்கிய பி.எஸ்.என்.எல். நிறுவனம் சஞ்சார்நெட் என்ற பெயரில் சிறு நகரங்களுக்கும் இச்சேவையை வழங்கியது.

எண்ணும் கட்டணமும்

சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு முதற்கேள்வி வேகம் பற்றியது அன்று. எந்த எண்ணை அழைப்பது என்பதே. கடலூரின் குறியீடு 04142; சிதம்பரத்தின் குறியீடு 04144. வழங்குநரின் எண் சென்னையில் மட்டும் இருந்தால், இணையத்தில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் எஸ்.டி.டி. நிமிடம். எனவே சஞ்சார்நெட்டின் 172233 போல, 172 என்று தொடங்கி, ஊர்க் குறியீடு இன்றியே உள்ளூர்க் கட்டணத்தில் அழைக்கத்தக்க எண்கள் வந்தது சிறு நகரங்களைப் பொறுத்தவரை 56 கிலோபிட் மோடத்தை விடப் பெரிய முன்னேற்றம் எனலாம். தனிக் கணக்கு எடுக்காமல், அழைக்கும் தொலைபேசியின் எண்ணைக் கொண்டே பயனரை அடையாளம் கண்டு, கட்டணத்தைத் தொலைபேசிப் பட்டியலில் சேர்க்கும் முறையும் பின்னர் வந்தது.

ஆயினும் கணக்கில் மணிநேரம் குறைவது ஒருபுறம், தொலைபேசி அலகு ஏறுவது மறுபுறம் என இரு கடிகாரங்கள் ஒருசேர ஓடின. மூன்று நிமிடத்துக்கு ஓர் அலகு என்றால் ஒரு மணி நேரத்துக்கு 20 அலகுகள். இதனாலேயே மடல்களை இணைப்பின்றி எழுதி வைத்து, அழைத்து, அனுப்பி, உடனே துண்டிக்கும் வழக்கம் தோன்றியது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் நிரலில் அஞ்சல் அனுப்பிப் பெற்றதும் இணைப்பைத் தானே துண்டிக்கும் தெரிவு இருந்தது இத்தகையோருக்காகவே. வீட்டில் தொலைபேசியோ கணினியோ இல்லாதவர்களுக்குப் பிரவுசிங் சென்டரே வழி. அங்கு ஒரே தொலைபேசி இணைப்பைப் பல கணினிகள் பகிர்ந்துகொண்டால் வேகம் என்னவாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பழைய கணினியில் அமைத்தல்

முதலில் பார்க்க வேண்டியது கணினியின் தொடர் துறை, அதாவது காம் போர்ட். 486 காலத்துக்கு முந்திய கணினிகள் பலவற்றில் உள்ள 8250 அல்லது 16450 சில்லு ஒரு நேரத்தில் ஒரு பைட்டை மட்டுமே தாங்கி நிற்கும். செயலி சற்றுத் தாமதித்தாலும் அடுத்த பைட் அதை அழித்துவிடும். 16550ஏ சில்லு 16 பைட்டுகளைத் தேக்கி வைக்கும். இச்சில்லு இல்லாத கணினியில் விரைவான வெளி மோடத்தை வாங்கிப் பொருத்துவது வீண்செலவு.

அடுத்த சிக்கல் குறுக்கீட்டு எண். காம் 1, காம் 3 ஆகிய இரண்டும் எண் 4ஐயும், காம் 2, காம் 4 ஆகியவை எண் 3ஐயும் பகிர்ந்துகொள்வது பழைய கணினிகளின் மரபு. சுட்டி காம் 1இல் இருக்க, உள் மோடத்தைக் காம் 3இல் அமைத்தால், இணைப்பு ஏற்படும் கணத்தில் சுட்டி உறைந்துவிடும். மோடத்தைக் காம் 2க்கோ காம் 4க்கோ மாற்றினால் போதும். பிற்காலத்தில் மலிவாக விற்ற வின்மோடம்கள், மோடத்தின் வேலையில் பெரும்பகுதியைக் கணினியின் செயலியிடமே தள்ளிவிடுபவை. விண்டோசுக்கு வெளியே அவற்றை இயக்குவது கடினம். லினக்ஸ் பயன்படுத்துவோர் வெளி மோடத்தையே நாடுவது நல்லது. அவர்களுக்கு வ்வ்டயல், கேபிபிபி ஆகிய நிரல்கள் உள்ளன.

விண்டோஸ் 98இல் கட்டுப்பாட்டுப் பலகம் வழியாக மோடத்தைச் சேர்த்த பின், 'என் கணினி'யில் உள்ள டயல்-அப் நெட்வொர்க்கிங் உறையில் புதிய இணைப்பை உருவாக்க வேண்டும். அவ்வுறையைக் காணவில்லையெனில் நிறுவல் வட்டில் இருந்து சேர்க்கலாம். வழங்கி வகை பி.பி.பி என இருக்க வேண்டும். டி.சி.பி/ஐ.பி தவிர்ந்த பிற நெறிமுறைகளையும், வலையமைப்பில் நுழையும் தெரிவையும் நீக்கினால் இணைப்பு விரைவில் கிட்டும். ஐ.பி முகவரியை வழங்கியே தரும் என்று குறித்தால் போதும். விண்டோஸ் 3.1இல் இவ்வசதி எதுவும் இல்லை. டிரம்பெட் வின்சாக் என்ற தனி நிரல் தேவைப்பட்டது.

இந்தியப் பயனர்களை மிகுதியாகத் தடுமாற வைத்தது பிழை எண் 680, அதாவது டயல் டோன் இல்லை என்பது. கம்பியில் டோன் தெளிவாகக் கேட்கும். ஆயினும் மோடம் இல்லை என்று கூறும். அமெரிக்க இணைப்பகங்களின் டோனை எதிர்பார்த்துச் செய்யப்பட்ட மோடத்துக்கு நம் நாட்டு டோன் புரியாததே காரணம். டோனுக்காகக் காத்திருக்கும் தெரிவை நீக்கினாலோ, கூடுதல் கட்டளையாக எக்ஸ்3 என்று சேர்த்தாலோ சிக்கல் தீரும். பிழை 691 எனில் பயனர் பெயரையோ கடவுச்சொல்லையோ சரிபார்க்க வேண்டும். 678 எனில் மறுமுனை எடுக்கவில்லை, எண்ணையும் சரிபார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய கணினியில் இருப்பிடக் குறியீடு 44 என்றே நிலைத்திருக்கக்கூடும். அப்போது அது 172233 என்ற எண்ணுக்கு முன் 04142 சேர்த்து அழைத்துத் தோல்வியுறும். ஊர்க் குறியீட்டைப் பயன்படுத்தும் தெரிவை நீக்கிவிடுவதே எளிது.

கடலோர ஊர்களில் கம்பியின் ஈரமும் உப்பு அரிப்பும் இரைச்சலைக் கூட்டுவதால், மழைக்குப் பின் வேகம் குறைவதையும் அடிக்கடி துண்டிக்கப்படுவதையும் மோடத்தின் பழுதாகக் கருதக்கூடாது. இடி மின்னலின்போது கணினியை அணைத்தால் மட்டும் போதாது. தொலைபேசிக் கம்பியையும் மோடத்தில் இருந்து பிடுங்கிவிட வேண்டும்.

தமிழும் மெதுவான இணைப்பும்

'தமிழ்' என்ற சொல் தகுதரக் குறியாக்கமான டிஸ்கியில் 4 பைட், ஒருங்குறியின் யு.டி.எஃப்-8 வடிவில் 15 பைட். மெதுவான இணைப்பில் இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு போலத் தோன்றினாலும், மோடம்கள் எழுத்தைச் சுருக்கியே அனுப்பின. ஒரு சிறு படம் ஒரு முழுக் கட்டுரையை விடப் பெரியது என்பதால் படங்களை நிறுத்தி வைப்பதே மிகுந்த பயன் தந்தது. தளத்துக்குத் தளம் வேறுபட்ட எழுத்துருக்களைத் தரவிறக்க நேர்ந்ததே உண்மையான சுமை.

ஓர் இணைப்பு, பல ஊர்கள்

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியின் வில்லியனூரில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டம் இம்முறையின் சிறந்த பயன்பாடுகளில் ஒன்று. நடுவமான வில்லியனூர் தொலைபேசிவழி இணையத்துடன் இணைந்தது. சுற்றியுள்ள ஊர்கள் வானொலி அலைகள் மூலம் வில்லியனூருடன் இணைந்தன. அமெரிக்கக் கடற்படையின் தளத்தில் இருந்து பெற்ற அலை உயர முன்கணிப்பு, வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தமிழில் ஒலிபெருக்கி வழியாக அறிவிக்கப்பட்டது. கடலுக்குப் போவதா வேண்டாமா என்று முடிவு செய்ய அச்சில கிலோபைட்டுகளே போதுமானவை. அதே திட்டத்தின் நல்லவாடு மையத்து ஒலிபெருக்கி, 2004 திசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு தொலைபேசி எச்சரிக்கையை ஊர் முழுவதற்கும் கொண்டு சேர்த்தது.

பிற்காலம்

2005 சனவரியில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கிய பின் இம்முறை படிப்படியாக வழக்கொழிந்தது. அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 30 வரை இதனை வழங்கி வந்தது. ஒளியிழைவழித் தொலைபேசியில் குரல் பொதிகளாகப் பிரிந்து செல்வதால் அதில் மோடத்தை நம்பிப் பயன்படுத்த இயலாது. பழைய கணினியில் இதனை முயன்று பார்க்க விரும்புவோர், அதன் தொடர் துறையை நல்-மோடம் வடத்தால் ஒரு லினக்ஸ் கணினியுடன் இணைத்து, அதில் பி.பி.பி நிரலை இயக்கலாம். எனினும் இன்றைய தளங்களின் மறையாக்கத்தைப் பழைய உலாவிகள் அறியாதவை. ஆதலால் பெரும்பாலான பக்கங்கள் திறக்கா.