தாலந்தும் ஊழியமும்: தென் திருவிதாங்கூரின் லேஸ் பெண்கள்

1750இல் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்த திருப்படிதானத்துக்குப் பின், திருவிதாங்கூரில் சாதி ஒழுங்கை மீறுவது அரசுக்கும் தெய்வத்துக்கும் ஒருசேரச் செய்த குற்றமாகக் கருதப்பட்டது. அந்த ஒழுங்கைக் காக்கும் ஆணைகள் திருவனந்தபுரம் கோட்டையிலிருந்து புறப்பட்டு, இன்று கன்னியாகுமரி மாவட்டமாக உள்ள தென் திருவிதாங்கூரின் சிற்றூர்கள்வரை சென்று சேர்ந்தன. அங்கே பனையேறிகளும் வயல் அடிமைகளும் அவற்றுக்கு அஞ்சி வாழ்ந்தார்கள்.

அவர்களிடையே எழுந்த லேஸ் பெண்களின் வரலாற்றை விளங்கிக்கொள்ள இரண்டு சொற்கள் உதவும். முதற்சொல் தாலந்து. கிரேக்க மொழியில் ஓர் எடையளவைக் குறித்த இச்சொல், மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் வரும் உவமையின் வழியாகத் தமிழ்க் கிறித்தவ வழக்கில் நுழைந்து, பாட்டு, போதனை, கைத்தொழில் என ஒருவர் கடவுளிடம் பெற்ற எந்தத் திறமைக்கும் பெயராயிற்று. அவ்வுவமையில் ஒற்றைத் தாலந்தைப் பெற்ற வேலைக்காரன் தன் எசமான் கடினமானவன் என்று பயந்து அதை மண்ணில் புதைத்துவைக்கிறான். மற்றொன்று ஊழியம். சபையில் அது இறைப்பணி. திருவிதாங்கூர் அரசின் வழக்கிலோ அது ஒடுக்கப்பட்ட சாதியார் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியின்றிச் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. ஒரே சொல் சுமையையும் அழைப்பையும் குறித்த நாட்டில், தாலந்தைப் புதைத்தவனின் பயம் வெறும் மனக்கோழைத்தனமாக இருக்க வழியில்லை. கடினமான எசமான் அங்கே உவமைப் பாத்திரமல்ல, அடுத்த தெருவில் குடியிருந்தவன்.

மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூர் சென்று கிறித்தவராகித் திரும்பியதும், அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்க மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் தென் திருவிதாங்கூருக்கு வந்ததும் அங்கே லண்டன் மிஷனரி சங்கப் பணியின் தொடக்கமாயின. 1819இல் கணவர் சார்லஸ் மால்ட்டுடன் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட், பெண்பிள்ளைகளுக்கான பள்ளியை நடத்தியதோடு, அவர்களுக்கு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். திண்டு போன்ற தலையணையின் மேல் படத்தாளை விரித்து, அதன் புள்ளிகளில் குண்டூசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் இந்த வேலைக்குக் கண்ணின் கூர்மையும் விரலின் பொறுமையும் வேண்டும். சுமை தூக்கவும் நாற்று நடவும் மட்டுமே உரியவை என்று ஊர் முடிவுகட்டியிருந்த கைகள் அதை விரைவில் கற்றன. பின்னல்கள் ஐரோப்பியரிடம் விலைபோயின. பள்ளியில் இருந்த அடிமைப் பெண்கள் சிலர் அவ்வருமானத்தைச் சேர்த்து, தம் உடைமையாளருக்குரிய விலையைக் கொடுத்து விடுதலை பெற்றார்கள். மிஷனின் வரலாற்றில் இதைவிடப் பெரிய செய்தி வேறொன்றைச் சொல்வது கடினம்.

எனினும் அச்சத்துக்குக் காரணம் நீங்கிவிடவில்லை. மார்பை மறைக்கக் குப்பாயம் என்னும் சட்டையணிந்தும் தோளில் மேல்சீலை போட்டும் வெளியே வந்த கிறித்தவ நாடார் பெண்கள் 1822 முதல் சந்தைகளிலும் வழிகளிலும் தாக்கப்பட்டார்கள். 1829இன் அரசாணை குப்பாயத்தை அனுமதித்து மேல்சீலையை மறுத்தது. 1858இல் மீண்டும் மூண்ட கலவரத்தில் ஆலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. 1859 ஜூலையில் வெளிவந்த அறிக்கைகூட, உயர்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் மேலாடையை ஏற்றது. இத்தனைக்கும் நடுவே பெண்கள் பள்ளிக்குச் சென்றார்கள், பின்னினார்கள், எழுத்துக் கற்றார்கள். அவர்களுள் சிலர் பைபிள் உமன் என்ற பெயரில் வீடு வீடாகச் சென்று பிற பெண்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் அச்சம் அற்றவர்கள் என்று சொன்னால் அது அவர்களைக் குறைத்துச் சொல்வதாகும். அடிபடக்கூடும் என்று நன்றாக அறிந்தே, தனியாக அல்லாமல் கூட்டமாக, அவர்கள் அந்த வழிகளில் நடந்தார்கள்.

தலைநகரான திருவனந்தபுரத்தின் கோட்டைக்குள் இதே காலத்தில் வேறொரு தடை இருந்தது. அகத்தை விட்டு வெளிவராத உயர்சாதிப் பெண்களுக்காக மிஷனரி அகஸ்டா பிளாண்ட்ஃபோர்ட் 1864இல் அங்கே பள்ளி தொடங்கினார். அந்தப் பெண்களின் தடை வீட்டின் வாசல். நாகர்கோவில் பெண்களின் தடை நாட்டின் சட்டம். இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பது நியாயமன்று.

தாலந்து உவமையை விளக்கும் பிரசங்கங்கள் பெரும்பாலும் புதைத்தவனின் சோம்பலையே கண்டிக்கின்றன. தென் திருவிதாங்கூர் சபைகளில் அவ்வுவமையைப் பேசுவோர், தோண்டி எடுத்த இந்தப் பெண்களைப் பற்றியும் பேச வேண்டும். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை முற்றாக ஒழித்தது 1855இல். நாகர்கோவில் லேஸ் பெண்கள் அதற்கு முன்பே தம் விடுதலையின் விலையைத் தம் கையால் ஈட்டிக் கொடுத்திருந்தார்கள்.