பட்டாவில் ஏறாத பங்கு

முஸ்லிம் தனியார் சட்ட (ஷரீஅத்) செயற்பாட்டுச் சட்டம் 1937 அக்டோபர் 7 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊர் வழக்காறு எதுவாயினும் வாரிசுரிமையில் ஷரீஅத்தே முடிவு சொல்ல வேண்டும் என்பது அதன் நோக்கம். ஆயினும் அதன் இரண்டாம் பிரிவு, வேளாண் நிலத்தை விலக்கி வைத்தது. கிராமத்து முஸ்லிம் குடும்பமொன்றுக்கு நிலத்தை விட்டால் வேறு சொத்து ஏது?

இவ்விலக்குக்குக் காரணம் மார்க்கக் கருத்து வேறுபாடு அன்று. 1935 ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி வேளாண் நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தது. மத்திய சட்டமன்றம் அதில் கை வைக்க இயலாது. அதே 1937 இல் இயற்றப்பட்ட இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டமும் இந்தத் தடையில்தான் முட்டிக்கொண்டது. அது வேளாண் நிலத்துக்குச் செல்லாது என 1941 இல் கூட்டாட்சி நீதிமன்றம் கூறிற்று.

சென்னை மாகாணம் 1949 ஆம் ஆண்டின் 18 ஆம் சட்டத்தின் மூலம் அவ்விலக்கை நீக்கியது. அதற்கு முன்னரும் 1873 ஆம் ஆண்டின் சென்னை உரிமையியல் நீதிமன்றச் சட்டப்படி முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு ஷரீஅத்தே பொருந்திற்று. ஆனால் மாறான வழக்காறு நிறுவப்பட்டால் அது வெல்ல இடமிருந்தது. அந்த வாசலை 1949 அடைத்தது. வடக்கே நிலைமை வேறு. உத்தரப் பிரதேசத்தின் 1950 ஆம் ஆண்டு ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் தனக்கென ஒரு வாரிசு வரிசையை வகுத்து, மகனுக்கு வெகு பின்னால் மகளை நிறுத்தியது. அவ்வகையில் தமிழகத்து முஸ்லிம் பெண் பேறு பெற்றவள். ஏட்டளவில் என்று சேர்த்துக்கொள்ள வேண்டியிருப்பதே வருத்தம்.

ஏட்டுக்கும் வயலுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அறியக் கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பகுதிகளின் வரலாற்றுக்குப் போக வேண்டும். 1792 ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்கு மாறியது. ஓசூர்ப் பகுதி 1799 இல் அவர் ஷஹீதான பின்னர் சேர்ந்தது. பாரமகாலில்தான் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராயிருந்த தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து, பின்னாளில் ரயத்துவாரி எனப் பெயர் பெற்ற முறைக்கு அடித்தளமிட்டனர். சர்க்காருக்கு வேண்டியிருந்தது தீர்வை. அதைச் செலுத்தப் பொறுப்பேற்கும் ஒரு பெயர். அப்பெயருக்குப் பின்னால் எத்தனை வாரிசுகள் உள்ளனர் என்பது கணக்குப்பிள்ளையின் கவலையாக இருக்கவில்லை. தந்தை இறந்தால் மூத்த மகன், அவனுக்குப் பின் அவன் மகன் என்று பட்டா நகர்ந்தது. பட்டா உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் எத்தனை முறை சொன்னாலும், ஊரார் மனத்தில் பட்டாவே உரிமை.

கேழ்வரகும் கொள்ளும் விளைந்த மானாவாரி நிலத்தில் இக்குறை பெரிதாகத் தெரியவில்லை. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது. தொழிற்சாலைகள் பெருகப் பெருக நிலம் கோடிகளின் கணக்காயிற்று. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் தமிழகச் சட்டம் 1997 இல் இயற்றப்பட்டது. இழப்பீடு கொடுக்க வரும் அதிகாரி முதலில் புரட்டுவது பட்டாவைத்தான். மூன்று தலைமுறையாக எழுதப்படாத சகோதரியின் பங்கு அப்போதுதான் உண்மையிலேயே கைநழுவுகிறது.

உஹதுப் போருக்குப் பின் நிகழ்ந்ததை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அப்போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி தம் இரு பெண்மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, பிள்ளைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டதாக முறையிட்டார். அதன் பின்னரே வாரிசுரிமை வசனம் (4:11) இறங்கியதாகத் திர்மிதீ முதலான ஹதீஸ் தொகுப்புகள் அறிவிக்கின்றன. சொத்து இருபத்து நான்கு கூறாயின், பெண்மக்களுக்குப் பதினாறு, தாய்க்கு மூன்று, சிறிய தந்தைக்கு எஞ்சிய ஐந்து. பதினான்கு நூற்றாண்டுகள் கழித்து, 2003 இல் ஆப்பிரிக்க ஒன்றியம் மபூட்டோ நகரில் ஏற்ற பெண்ணுரிமை நெறிமுறையும் கைம்பெண்ணுக்குக் கணவரின் சொத்தில் நியாயமான பங்கையும் அவ்வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையையும் உறுதி செய்ய நேர்ந்தது. இறந்தவனின் சகோதரர்கள் வீட்டைப் பூட்டும் வழக்கம் எந்தக் கண்டத்துக்கும் புதிதன்று போலும்.

அரபுக் கல்லூரிகளில் நாங்கள் ‘அஸ்ஸிராஜிய்யா’ நடத்துகிறோம். ஒரு வாரிசு இறக்க, பங்கு பிரியுமுன் அடுத்தவரும் இறக்கும் ‘முனாஸகா’ கணக்கை மாணவர்கள் திறமையாகவே போடுகிறார்கள். ஆனால் சிட்டாவைப் படிக்கத் தெரிந்தவர் அவர்களில் அரிது. அந்தக் குறை என்னிடமும் நெடுங்காலம் இருந்தது. சூளகிரிப் பக்கத்திலிருந்து முதிய பெண்மணி ஒருவர் சிட்டா நகலுடன் வந்தபோதுதான் உணர்ந்தேன். பெற்றோர் இருவரும் மறைந்துவிட்டனர். இரண்டு அண்ணன்மார், மூன்று சகோதரிகள். நிலம் ஏழு ஏக்கர். கணக்கு எளிது: அண்ணன்மாருக்கு இரண்டிரண்டு, சகோதரிகளுக்கு ஒவ்வொன்று. சிட்டாவில் அண்ணன்மார் பெயர்கள் மட்டும்.

“நகை போட்டுத்தானே கட்டிக் கொடுத்தோம் என்கிறார்கள், ஹஜ்ரத்” என்றார் அந்த அம்மா.

தந்தை உயிரோடிருக்கையில் மகளுக்கு அளித்தது அன்பளிப்பு. அது பங்கு ஆகாது. ஃபிக்ஹின்படி, தந்தை இறக்குமுன் பங்கு பிறப்பதே இல்லை. பிறவாத பங்கை விட்டுக்கொடுப்பதும் செல்லாது. தந்தை இறந்த பின், மதிப்பறிந்து, மனமொப்பி, ஈடு பெற்று விலகுவது ‘தகாருஜ்’, அது வேறு. பதிவு அலுவலக வாசலில் விவரம் சொல்லாமல் கைந்நாட்டு வாங்குவதை எந்தக் கிதாபும் தகாருஜ் என்று அழைக்கவில்லை.

அவருக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. கூட்டு உரிமையாளர் ஒருவர் நிலத்தில் உழுதுகொண்டிருப்பதாலேயே மற்றவரின் பங்கு காலாவதியாகாது. மறுத்து வெளியேற்றியது தெரிந்த நாளிலிருந்தே பன்னிரண்டாண்டுக் கணக்கு ஓடும். வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் கேட்கையில் ஐவர் பெயரும் இருக்கிறதா என்று பார்க்கும்படியும், கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கும்படியும் எழுதிக் கொடுத்தேன். தாளின் மறுபக்கத்தில் ஏழு கூறுகளையும் வரைந்து, அவருடைய கூறுக்கு நேரே அவர் பெயரை எழுதினேன்.