புதுக்கடை நீதித்துறையில் பாலின இடைவெளி

கொழும்பு புதுக்கடையில் உயர் நீதிமன்றமும் இலங்கைச் சட்டக் கல்லூரியும் அருகருகே இயங்குகின்றன. இலங்கையில் பெண்கள் சட்டத்தரணிகளாவதற்கிருந்த தடையை 1933ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் நீக்கியது. ஆயினும் உயர் நீதிமன்றத்துக்கு முதற்பெண் நீதியரசராகச் சிராணி பண்டாரநாயக்க நியமிக்கப்பட்டது 1996இல்தான். தகுதியுள்ள பெண்கள் இல்லாமை இந்த அறுபத்து மூன்று ஆண்டுத் தாமதத்துக்கு ஏற்ற விளக்கமாகாது. 1801இல் தோன்றிய அந்நீதிமன்றத்துக்கு 2011இல் அவரே முதற்பெண் பிரதம நீதியரசரானார்; 2013 ஜனவரியில் நாடாளுமன்றக் குற்றப்பிரேரணையால் பதவிநீக்கப்பட்டார். சட்டமா அதிபர் பதவிக்கு முதற்பெண்ணாக ஈவா வனசுந்தர வந்ததும் 2011இலேயே. இரண்டாவது பெண் பிரதம நீதியரசரான முர்து பெர்னாண்டோ 2024 டிசம்பரில் பதவியேற்றார்.

வருமானத்திலும் இடைவெளி உண்டு. நீதிபதியின் சம்பளம் பதவிக்குரியது. அதில் ஆண், பெண் பேதமில்லை. ஆனால் தனியார் சட்டத் தொழிலில் வருமானம் கிடைக்கும் வழக்குகளைப் பொறுத்தது. மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு காரணமாகச் சில ஆண்டுகள் ஒதுங்கும் பெண் சட்டத்தரணி தன் கட்சிக்காரர்களை இழக்கிறார். எந்தச் சம்பளப் பட்டியலிலும் தெரியாத இந்த இழப்பே கவனிக்கப்பட வேண்டியது.

பெண் பிரதம நீதியரசரின் காலத்தில் சூழல் நீதியிலும் புதுக்கடை இடம்பெற்றது. 2021இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கடலில் பிளாஸ்டிக் மணிகளைக் கொட்டியது. 2025 ஜூலையில், முர்து பெர்னாண்டோவின் பதவிக்காலத்தில், உயர் நீதிமன்றம் அதற்காக 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த உத்தரவிட்டது.