பங்கோர் புலிக்கல்

பங்கோர் தீவுக்குப் போகும் நம்மவர்கள் கடலில் குளித்துவிட்டு, நெத்திலிக் கருவாடு வாங்கிக்கொண்டு அடுத்த படகில் லூமுட் திரும்பிவிடுவோம். கடைக்குச் சரக்கு எடுக்கப் போகும் நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன். சென்ற பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு போனபோதுதான், தெலுக் கெடோங்கில் உள்ள டச்சுக் கோட்டைக்கு அருகே 'பத்து பெர்சூராட்' என்ற பாறையை நின்று பார்த்தேன். எழுத்துள்ள கல் என்பது அதன் பொருள். சுமார் 35 அடி நீளம், 14 அடி உயரம். புலி ஒன்று குழந்தையைப் பிடித்திருப்பது போன்ற உருவம், டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை, 'இஃப் கார்லோ 1743' என்ற எழுத்து. அவ்வளவுதான்.

பேராக் ஈயத்தைச் சேர்த்துவைக்க டச்சுக்காரர்கள் 1670-ல் இங்கே கோட்டை கட்டினார்கள். 1690-ல் பங்ளிமா கூலுப் தலைமையில் மலாய்க்காரர்கள் அதைத் தாக்கி அழித்தார்கள். 1743-ல் டச்சுக்காரர்கள் திரும்பிவந்து கோட்டையைச் சீரமைத்தார்கள். ஐந்தே ஆண்டில், 1748-ல், விட்டுப் போனார்கள். இன்று நாம் பார்க்கும் கோட்டை 1973-ல் அருங்காட்சியகத் துறை புதுப்பித்தது.

அந்தப் படத்துக்கு இரண்டு கதைகள் சொல்கிறார்கள். கோட்டை அருகே விளையாடிய டச்சு அதிகாரியின் பிள்ளையைப் புலி கொண்டுபோனது, அதன் நினைவாகச் செதுக்கினார்கள் என்பது ஒன்று. டச்சுக்காரர்களின் கொடுமை தாங்காத உள்ளூர் மக்களே பிள்ளையைக் கடத்திக் கொன்று, புலி மேல் பழி போட்டார்கள் என்பது இன்னொன்று. எது உண்மை என்று கல் சொல்லவில்லை. ஆனால் மக்கள் மனத்தில் எவ்வளவு கசப்பு இருந்திருந்தால் இரண்டாவது கதை பிறந்திருக்கும் என்று யோசித்தேன்.

அந்தக் கசப்பில் நம் முன்னோருக்கும் பங்குண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டுவந்து விற்று, ஈயம் ஏற்றிச் சென்றவர்கள் அவர்கள். இந்தக் கரைகளில் அவர்களைச் சூலியா என்று அழைத்தார்கள். டச்சுக் கம்பெனியோ பேராக் ஈயம் முழுவதும் தனக்கே வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கியது. 1641-ல் மலாக்கா, 1658-ல் நாகப்பட்டினம் என்று இரண்டு பக்கத்துத் துறைமுகமும் அதன் கைக்குப் போயின. போட்டியை விலக்கிவிட்டு வாங்குபவன் ஒருவனே நின்றால் விலை என்னவாகும் என்பது வியாபாரம் செய்கிற எவருக்கும் புரியும்.

1799-ல் அந்தக் கம்பெனியே கலைக்கப்பட்டது. நம் மக்களின் வணிகம் நிற்கவில்லை. இருந்தாலும் பாறையில் இருப்பது கம்பெனியின் முத்திரைதான். கப்பலேறி வந்த நம்மவர் ஒருவர் பெயரும் அங்கே இல்லை.

திரும்பும் படகில் என் மகன் கேட்டான்: "அத்தா, நம்ம சங்கத்தை யார் ஆரம்பிச்சாங்க?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஊர் வந்ததும் இரண்டு பெரியவர்களிடம் கேட்டேன். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னார்கள். ஐம்பது ஆண்டுக்குள்ளேயே இப்படி!

எனவே உறவுகளே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பழைய சந்தா ரசீதோ, கூட்ட அறிக்கையோ, பெயர் எழுதிய புகைப்படமோ இருந்தால் சங்கத்திடம் காட்டுங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.