மட்டாஞ்சேரியில் ஒரு ரேஞ்சர்

ஊரில் ரேஞ்சர் என்றால் நமக்கெல்லாம் ஒரே அர்த்தம்தான்: காக்கிச் சட்டை, ஜீப், வனத்துறை. இங்கே வளர்கிற நம் பிள்ளைகளுக்கு அது வேறு ஆள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இருபது முகப் பகடையை உருட்டி, மணிக்கணக்காகக் கதை சொல்லி விளையாடுகிறார்களே, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அதில் வருகிற காட்டுவீரன் அவர்களுடைய ரேஞ்சர். எங்கள் வீட்டிலும் ஒரு ரேஞ்சர் உண்டு. பதினான்காம் லெவலுக்கு வந்துவிட்டான். "அப்பா, இனிமே ரேஞ்சராவே போகணுமா, இல்ல வேற கிளாஸ் சேர்த்துக்கணுமா?" என்பதுதான் இப்போது சாப்பாட்டு நேரத்து முக்கியப் பிரச்சினை :-)

அவன் கேட்டது விளையாட்டைப் பற்றி. எனக்கு நினைவுக்கு வந்தது கொச்சி மட்டாஞ்சேரி. சிப்பாயாகத் தொடங்கி உச்சத்துக்குப் போன ஒரு மனிதர், 1670களில் அங்கே இதே முடிவை எடுத்தார். அவர் கதைக்கு முன்னால், விளையாட்டு தெரியாத பெற்றோர்களுக்காக விதிகளைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

ரேஞ்சர் வந்த வழி

இந்த விளையாட்டை 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். அதில் ரேஞ்சர் கிடையாது. மறு வருடம், 1975-ல், ஜோ ஃபிஷர் என்பவர் ஒரு சிறு பத்திரிகையில் எழுதிய புது வகுப்புதான் ரேஞ்சர். டோல்கீனின் கதையில் வருகிற அரகார்ன்தான் முன்மாதிரி. தடம் பார்த்துப் போவான், காட்டில் பிழைப்பான், வாளும் பிடிப்பான். லெவல் ஏற ஏறக் கொஞ்சம் மந்திரமும் வரும். 1978-ல் வந்த கையேட்டில் ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: தானும் தன் குதிரையும் சுமக்க முடிந்ததைத் தவிர ரேஞ்சர் வேறு சொத்து வைத்துக்கொள்ளக் கூடாது. இரண்டு பெட்டி, ஒரு கைப்பையோடு விமானம் ஏறிய நமக்கு இது புரியும்.

ஒருவன் இரண்டு வகுப்பில் இருப்பது எப்படி? 1978 விதிப்படி எல்ஃப் போன்ற பிற இனத்தார் இரண்டையும் சேர்த்தே வளர்க்கலாம். மனிதன் அப்படிச் செய்ய முடியாது. பழைய வகுப்பை நிறுத்திவிட்டுப் புதியதில் முதல் லெவலில் இருந்து தொடங்க வேண்டும். அதைவிடக் கொடுமை, புதிய வகுப்பில் பழைய லெவலைத் தாண்டும்வரை பழைய திறமையைத் தொடக்கூடாது. தொட்டால் அந்தப் பயணத்தின் அனுபவப் புள்ளிகள் போச்சு.

படிக்கும்போது எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? ஊரில் பதினைந்து வருடம் டாக்டராக இருந்தவர் இங்கே வந்து முதல் தேர்விலிருந்து ஆரம்பிக்கிறார். வாத்தியாராக இருந்த அம்மா கடையில் கல்லாவில் நிற்கிறார். 1978-ன் மனித விதியைத்தான் பல நாடுகள் இன்னும் நமக்கு வைத்திருக்கின்றன.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு இதை மாற்றியது. யாரும் எந்த வகுப்பையும், எந்த லெவலிலும் சேர்த்துக்கொள்ளலாம். பழையது கையை விட்டுப் போகாது. 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் அப்படித்தான். ஆனால் மொத்த லெவல் இருபதுதான். புதியதில் எடுக்கிற ஒவ்வொரு லெவலும் பழையதின் உச்சியில் ஒன்றைக் குறைக்கும்.

பதினான்காம் லெவலில் என்ன எடுப்பது?

ரேஞ்சருக்கு வழக்கமாகச் சொல்கிற வழிகள் சில. போர்வீரன் வகுப்பில் இரண்டு லெவல் எடுத்தால் ஒரே முறையில் இன்னொரு செயலும் செய்யலாம். அதற்கு மேல் போனால் லாபம் குறைவு. இரண்டு வகுப்பும் ஐந்தாம் லெவலில் தருகிற கூடுதல் தாக்குதல் ஒன்றின்மேல் ஒன்று சேராது, ஒன்றுதான் கணக்கு. ரோக், அதாவது கள்ளன் வகுப்பு, மறைந்திருந்து அடிக்க உதவும். மந்திரவாதி ஆக வேண்டுமென்றால் புத்திக்கூர்மை 13 வேண்டும். ரேஞ்சராக வளர்ந்தவன் அதில் பெரும்பாலும் கோட்டை விட்டிருப்பான்.

மிச்சம் இருப்பது ட்ரூயிட். மரம், செடி, மருந்து, மிருகம் தெரிந்த காட்டுப் பூசாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஞ்சரின் மந்திரமும் ட்ரூயிடின் மந்திரமும் ஒரே குணத்தில் வேர் விட்டவை. விதிப்புத்தகம் அதை ஞானம் என்கிறது. காட்டில் சண்டை போட்டே காட்டைக் கவனிக்கப் பழகியவனுக்கு, அந்தக் கவனிப்பே அடுத்த படிப்புக்கு முதல். இழப்பு இருபதாம் லெவலின் உச்சத் திறமை.

இனி மட்டாஞ்சேரி.

சிப்பாய் ஹென்ட்ரிக்

ஹென்ட்ரிக் வான் ரீட் 1636-ல் ஹாலந்தில் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். இருபது வயது வாக்கில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் சேர்ந்து கிழக்கே வந்தார். அப்போது கொச்சி போர்த்துக்கீசியர் கையில். 1662-ல் டச்சுப்படை மட்டாஞ்சேரியைத் தாக்கியது. கொச்சி அரச குடும்பத்து இளவரசர்கள் அந்தச் சண்டையில் கொல்லப்பட்டார்கள். வயதான ராணி கங்காதர லட்சுமியைக் கண்டுபிடித்து உயிரோடு கொண்டுவந்தவர் இளம் அதிகாரி வான் ரீட். 1663 ஜனவரியில் கொச்சிக் கோட்டை விழுந்தது. போர்த்துக்கீசியர் கட்டிக்கொடுத்த மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சுக்காரர்கள் செப்பனிட்டார்கள். ராமாயணச் சுவரோவியங்கள் பார்க்கப் போகிறோமே, அந்த அரண்மனைதான். டச்சுக்காரர் கட்டாத அதற்கு டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

1670-ல் வான் ரீட் மலபாரின் தளபதி ஆனார். வயது முப்பத்துநாலு. நம் கணக்கில் உயர் லெவல் ரேஞ்சர். சண்டை தெரியும், அரசர்களோடு பேசத் தெரியும், காட்டு வழி தெரியும். அடுத்த படி வழக்கமானது: இன்னும் மிளகு, இன்னும் கோட்டை, அப்புறம் பதவி உயர்வு. அவர் அந்த வேலையையும் விடவில்லை. மிளகு ஏகபோகத்தைக் கம்பெனிக்காகக் காத்த அதிகாரிதான் அவர், புண்ணியவான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கூடவே, மலபாரின் செடிகொடிகளையும் அவற்றின் மருத்துவப் பயனையும் முழுதாகப் பதிவு செய்வது என்று இறங்கினார்.

அதில் அரசியலும் இருந்தது. இலங்கையில் இருந்த மேலதிகாரி ரைக்லொஃப் வான் கூன்ஸுக்குக் கொழும்புதான் எல்லாவற்றுக்கும் நடுவாக இருக்க வேண்டும். மலபாரும் சாதாரண மண் இல்லை என்று காட்ட வான் ரீடுக்கு ஒரு ஆதாரம் தேவைப்பட்டது. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் புதிதாக ஒன்றைப் படிக்கிற யாருக்கும் பின்னால் கொஞ்சம் ஆபீஸ் அரசியல் இருக்கத்தானே செய்யும்.

கூட்டாளிகள்

வான் ரீட் தாவரவியல் படித்தவர் இல்லை. லத்தீனில் அறிவியல் எழுதுகிறவரும் இல்லை. ட்ரூயிட் வகுப்பில் அவர் முதல் லெவல். அதனால் ஏற்கெனவே இருபதாம் லெவலில் இருந்தவர்களைத் தேடிப் போனார்.

சேர்த்தலைக்குப் பக்கத்தில் கடக்கரப்பள்ளியில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் இருந்தார். பரம்பரையாக வந்த மருந்து அறிவு, வீட்டில் ஓலைச்சுவடிகள். கொச்சியில் ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்று மூன்று கொங்கணி வைத்தியர்கள். கோவாவில் போர்த்துக்கீசியர் கொடுமைக்குத் தப்பி வந்து குடியேறிய சமூகம் அவர்களுடையது. மட்டாஞ்சேரி செர்லாயில் திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றி இன்றும் அவர்களைப் பார்க்கலாம். ஆக, இந்தக் குழுவிலும் பாதிப்பேர் புலம்பெயர்ந்தவர்கள்தான்!

ஆட்கள் காட்டுக்குள் போய்ப் பூ, காய், விதை என்று பருவத்துக்குப் பருவம் கொண்டுவந்தார்கள். ஓவியர்கள் வரைந்தார்கள். வைத்தியர்கள் பெயரும் பயனும் சொன்னார்கள். இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் இம்மானுவேல் கார்னெய்ரோ போர்த்துக்கீசியத்தில் ஆக்கினார். அங்கிருந்து லத்தீனுக்குப் போனது. பாதிரியார்கள் மத்தேயுவும் கசேரியஸும் உதவினார்கள். பண்டிதர்கள் ஒருவரோடொருவர் வாதம் செய்த விதத்தை, மதிப்பு குறையாமல் எவ்வளவு அழகாக மறுத்துப் பேசினார்கள் என்பதை, வான் ரீட் தன் முன்னுரையில் வியந்து எழுதியிருக்கிறார்.

விளைவு 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் வந்த பன்னிரண்டு தொகுதிகள். 742 தாவரங்கள். தொடக்கமே தென்னை, 'தெங்ஙா' என்று. படங்களில் லத்தீன், மலையாளம், அரபு, தேவநாகரி எழுத்துகளில் பெயர்கள். 1753-ல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, நம் பக்கத்துச் செடிகள் பலவற்றுக்கு இந்த நூலைத்தான் நம்பினார். ஏலக்காயின் அறிவியல் பெயர் எலெட்டாரியா. இதில் இருந்த 'ஏலத்தரி' அதற்குள் உட்கார்ந்திருக்கிறது.

யாருடைய லெவல்?

எனக்கு முக்கியமாகப் படுவது முதல் தொகுதியில் இருக்கிற சில பக்கங்கள். 1675-ல் இட்டி அச்சுதன் தன் கையெழுத்தில், மலையாளத்தில், இந்தத் தகவல்களை நான்தான் சொன்னேன் என்று கொடுத்த சாட்சிப்பத்திரம் அப்படியே அச்சில் இருக்கிறது. கொங்கணி வைத்தியர்களுடையது தேவநாகரியில் இருக்கிறது. ஈழவ வைத்தியரின் வாக்கும் பிராமண வைத்தியரின் வாக்கும் ஒரே நூலில் ஒரே மாதிரி சாட்சியாக நின்றது, அந்தக் காலத்து மலபாரில் சின்ன விஷயமில்லை. செடிகளை வகைப்படுத்திய முறையிலேயே ஈழவர் அறிவுதான் அடித்தளம் என்று 1990களில் ரிச்சர்ட் குரோவ் என்ற வரலாற்றாசிரியர் வாதிட்டார். மரமேறிப் பறித்துக் கொடுத்தவர்களின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. அது ஒரு கடன், இன்னும் தீரவில்லை.

வான் ரீட் என்ன இழந்தார்? 1677-ல் மலபாரை விட்டுப் போனார். வான் கூன்ஸோடு இருந்த பகை அவருக்கு நல்லது செய்யவில்லை. ஹாலந்து திரும்பி, 1684-ல் கம்பெனியின் ஆணையராகத் திரும்பவும் கிழக்கே அனுப்பப்பட்டார். சோழமண்டலக் கரையில் டச்சுத் தலைமையிடம் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாறியது அவர் காலத்தில்தான். 1691 டிசம்பரில் சூரத்துக்குப் போகிற கப்பலில் இறந்தார். கல்லறை சூரத்தில் இருக்கிறது. கடைசித் தொகுதிகளை அவர் பார்க்கவில்லை. கம்பெனியின் உச்சப் பதவியான கவர்னர் ஜெனரல் நாற்காலி அவருக்குக் கிடைக்கவில்லை. அதில் உட்கார்ந்தவர் வான் கூன்ஸ். இன்று கொச்சியில் வான் கூன்ஸ் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னொரு ரேஞ்சர்

கதை இங்கே முடியவில்லை. லத்தீனில் இருந்ததால் நூல் பிறந்த ஊரிலேயே யாராலும் படிக்க முடியாமல் முந்நூறு வருடம் கிடந்தது. கோழிக்கோடு பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் கே.எஸ். மணிலால் அதை எடுத்தார். தொழிலில் நிலைத்துவிட்ட மனிதர், இதற்காக லத்தீன் கற்றார். பல பத்தாண்டுகள் அந்தச் செடிகளைத் திரும்பத் தேடிச் சேகரித்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-ல் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பையும், 2008-ல் மலையாள மொழிபெயர்ப்பையும் வெளியிட்டது. இட்டி அச்சுதன் சொன்னது சொந்த மொழிக்குத் திரும்பி வர 330 வருடம் ஆகியிருக்கிறது. 2020-ல் மணிலாலுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2025 ஜனவரி 1 அன்று காலமானார்.

இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இருவரும் வேரில்லாத இடத்தில் இரண்டாவது வகுப்பை எடுக்கவில்லை. காட்டை அறிந்த சிப்பாய் செடிக்குப் போனார். செடியை அறிந்த பேராசிரியர் அதன் பழைய மொழிக்குப் போனார். ஏற்கெனவே வளர்ந்திருந்த கவனம்தான் இருவருக்கும் முதல். முதல் லெவலில் நிற்க இருவரும் வெட்கப்படவும் இல்லை.

அதனால் பதினான்காம் லெவல் ரேஞ்சர்களுக்கு என் வாக்கு ட்ரூயிடுக்குத்தான். இருபதாம் லெவல் போனால் போகட்டும். பெரியவர்களுக்கும் அதையே சொல்வேன். நாற்பத்தைந்தில் நர்சிங் படிக்கிற அக்கா, கணக்கு வேலையை விட்டு வாத்தியார் பயிற்சிக்குப் போகிற அண்ணன், நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதாக உங்கள் விண்ணப்பப் படிவம் சொல்லும். படிவம் இன்னும் 1978-லேயே இருக்கிறது. பிள்ளை வளர்த்த கை, ஊரில் கணக்கு பார்த்த கண், எதுவும் கழிந்து போகவில்லை.

ஒன்றே ஒன்று. கற்றுக்கொடுத்தவர் பெயரை முதல் தொகுதியிலேயே, அவர் எழுத்திலேயே போட்டுவிடுங்கள்.